கதை பேச்சில்லாதவர் வைச்ச பிணை

போன கிழமை சிட்னியில இருந்து நிவேதா ரெலிபோன் எடுத்தவ. சென்னைப் பிள்ளை. முந்தி இங்க மெல்பேர்ணில, நோபல் பார்க்கில எங்கட பக்கத்து வீட்டில வாடகைக்கு இருந்து படிச்சவ, இப்ப அங்க கிரவீன் எண்ட பக்கத்தில இருந்துகொண்டு ஒரு லோயர் கந்தோரில வேலை செய்யிறா. குரலிலயே களைப்புத் தெரிஞ்சுது.

"ஆன்ட்டி, ஒரு கிளையன்ட் என் உயிரை வாங்கறார். கம்பெனிக் கணக்குல பெரிய மோசடிக் கேஸ். போலீஸ் எப்ப வேணா வரலாம். ஊர்ல மாதிரி முன்ஜாமீன் வாங்கிக் குடுங்கன்னு ஒத்தைக் கால்ல நிக்கறார். அப்படி ஒண்ணு இந்த ஊர்ச் சட்டத்துலயே இல்லன்னு சொன்னா, எனக்குத்தான் ஒண்ணும் தெரியலைங்கறார். உங்க காலத்துல இப்படி யாராவது வந்தா என்ன பண்ணுவீங்க?"

நான் சிரிச்சுப்போட்டன். பாவம், பிள்ளைக்குக் கோபம் வந்திருக்கும். "சட்டத்தில இல்லைத்தான் பிள்ளை. ஆனா எங்கட மிஸ்டர் பார்க்கினிட்ட இருந்தது" எண்டன். அதென்ன எண்டு கேட்டா. ரெலிபோனில சொல்லி முடியிற கதையோ அது? எழுதி அனுப்பிறன் எண்டு சொல்லிப்போட்டு இருந்தால், எழுத எழுத நீண்டுகொண்டு போகுது. இவ்வளவையும் அவ மட்டும் ஏன் வாசிச்சுக் கஷ்டப்படவேணும், நீங்களும் வாசியுங்கோ.

என்னைப் பற்றிச் சொல்லக் கனக்க ஒண்டுமில்லை. கொழும்பில, புதுக்கடைக் கோட்டுக்கு, அதுதான் நீதிமன்றத்துக்கு, எதிர்ப்பக்கத்தில ஒரு பிரக்கிராசியாரிட்ட ரைப் அடிக்கப் போனனான். லோயருக்கு எங்கட ஆக்கள் அந்தக் காலத்தில சொல்லுற பேர் அது. சுருக்கெழுத்து, காணி உறுதி எழுதிறது, கட்டுக்களைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு ஓடுறது எல்லாம் அங்க பழகினது. பிறகு கலியாணம். இவருக்கு மெல்பேர்ணில எஞ்சினியர் வேலை கிடைச்சு, எழுபதுகளின்ர நடுப்பகுதியில வந்து இறங்கினம். வீட்டில இருந்து சுவரைப் பாத்துக்கொண்டிருக்க எனக்குச் சரிவராது. பேப்பரில விளம்பரத்தைப் பாத்துப்போட்டுச் சேலையோட போய் நிண்டன். ரெண்டாம் மாடி, லிஃப்ற் இல்லை, கதவில "பார்க்கின்" எண்டு ஒரு பித்தளைத் தகடு.

உள்ளுக்கு இருந்த மனிசன் என்ர சான்றிதழ் ஒண்டையும் பாக்கேல்லை. "வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியுமோ?" எண்டு கேட்டார். நான் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினன். அதோட வேலை கிடைச்சுது. வாழ்க்கையில நான் வாயை மூடிக்கொண்டிருந்து பிழைச்சது அந்த ஒரு நாள்தான் எண்டு இவர் இப்பவும் நக்கலடிப்பார்.

பார்க்கின் மெலிஞ்ச, உயர்ந்த மனிசன். வெயிலோ மழையோ தொப்பி. மனிசி கட்டிக் குடுக்கிற தக்காளி சான்ட்விச்சை மேசை லாச்சிக்குள்ள வைச்சுக்கொண்டு, வாற கட்சிக்காரர் பொய் சொல்லத் தொடங்கினா அதை எடுத்துச் சாப்பிடத் தொடங்குவார். கனபேர் அந்த சான்ட்விச் முடியிறதுக்கிடையில உண்மைக்குத் திரும்பி வந்திருக்கினம். என்ர மனிசன்ர பேரை, ராசநாயகம் எண்டு, சொல்ல அவருக்கு நாக்குப் புரளாது. நான் அவருக்கு மிசிஸ் ராஜ்.

அந்த வருசங்களில இங்க காணிக் கொம்பனி, சுரங்கக் கொம்பனி எண்டு நிறைய முளைச்சு, நிறைய விழுந்தது. விழுந்த கொம்பனிக்காரர் எல்லாம் நல்ல உடுப்போட எங்கட படியேறி வருவினம். எல்லாருக்கும் ஒரே பயம்தான். விடியப்புறத்தில பொலிஸ் வந்து கதவைத் தட்டுமோ, பிள்ளையளுக்கு முன்னால கூட்டிக்கொண்டு போகுமோ, பக்கத்து வீட்டுக்காரர் சன்னலால பாப்பினமோ.

பார்க்கின் சொல்லுவார்: "கைது எண்டது தேடிப்பிடிச்ச ஆளுக்குச் செய்யிற வேலை. எங்கட ஆளைத் தேட விடக்கூடாது. நாங்களாப் போய் நிக்கவேணும்."

அதை அவர் செய்யிற முறை இருக்குதே, அதை நான் பக்கத்துக் கதிரையில இருந்து எத்தினையோ தரம் பாத்திருக்கிறன். முதலில மோசடி வழக்குகளைப் பாக்கிற சார்ஜன்ற்றுக்கு ரெலிபோன் எடுப்பார். எடுத்தவுடனை விசயத்துக்கு வரமாட்டார். சார்ஜன்ற்றின்ர தோட்டத்தில தக்காளி எப்பிடி, பூச்சி விழுந்ததோ, என்ன மருந்து அடிச்சவர் எண்டு ஒரு கதை. பிறகு, போற போக்கில சொல்லுற மாதிரி, "என்ர ஆள் ஒருத்தரை உங்களுக்குக் காணவேண்டி வருமெண்டு கேள்விப்பட்டன். எப்ப வசதி எண்டு சொல்லுங்கோ, நானே கூட்டிக்கொண்டு வாறன்." பிணையை எதிர்க்காதேங்கோ எண்டு ஒருநாளும் கேக்கமாட்டார். "பாஸ்போட் என்ர லாச்சிக்குள்ள கிடக்குது" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வைச்சிடுவார். அந்தப் பாஸ்போட் சான்ட்விச்சுக்குப் பக்கத்தில உண்மையாவே கிடக்கும்.

வெள்ளிக்கிழமையில ஆளைக் கூட்டிக்கொண்டு போகவே மாட்டார். ஏதாவது பிழைச்சா சனி ஞாயிறு உள்ளுக்குக் கிடக்கவேணும். நடுக் கிழமையில, காலமை, நீதவான் களைக்க முதல். கட்சிக்காரர் நல்லாச் சாப்பிட்டுப்போட்டு வரவேணும். மோதிரம், தங்க மணிக்கூடு ஒண்டும் ஆகாது. பொலிஸ் நிலைய மேசையில கேக்க முதல் பாஸ்போட்டை எடுத்து நாங்களே நீட்டவேணும். குற்றத்தை வாசிப்பினம், கைரேகை எடுப்பினம், படம் பிடிப்பினம். பிறகு பக்கத்தில இருக்கிற கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவினம். அங்க பிணைக்காரர் ஆயத்தமா நிப்பார். இந்தாள் சொன்ன நாளுக்கு வராட்டி என்ர வீட்டை, காசை எடுங்கோ எண்டு ஒப்பம் வைக்கிற ஆள்தான் பிணைக்காரர். ஒப்பம் வைச்சா முடிஞ்சுது, பின்னேரத் தேத்தண்ணிக்கு ஆள் வீட்டில நிப்பார். இதுதான் நிவேதா, எங்கட முன்பிணை. புத்தகத்தில இல்லை, ஒரு மனிசன்ர ரெலிபோனுக்குள்ள இருந்தது.

இனி யோகராசாவின்ர கதைக்கு வாறன். அவர் எங்கட ஆள், கணக்காளர். மனிசி புஷ்பம் நேர்ஸ், ரெண்டு சின்னப் பெட்டையள். யோகராசா வேலை செய்தது ஒரு காணிக் கொம்பனியில. அளக்காத காணியை எல்லாம் அளந்த காணி எண்டு சனத்துக்கு வித்து, அந்தக் கொம்பனி ஒருநாள் படுத்திட்டுது. முதலாளிமாரில ஒருத்தர் பிளேன் ஏறிப் போட்டார். மிஞ்சினவை கையைக் காட்டினது யோகராசாவை. ஒவ்வொரு கணக்குக்குக் கீழயும் அவற்ற கையெழுத்துத்தானே கிடக்குது.

மனிசன் வந்து பார்க்கினுக்கு முன்னால இருந்து, தனக்கு மேலிடம் தந்த விவரத்தை வைச்சுத்தான் கணக்குப் போட்டது எண்டு தொடக்கத்தில இருந்து கடைசி வரைக்கும் சொன்னார். நான் லாச்சியைப் பாத்துக்கொண்டிருந்தன். சான்ட்விச் வெளிய வரேல்லை.

"இதை நிரூபிக்கிறதெண்டா அந்தப் பெட்டி பெட்டியாக் கிடக்கிற கடுதாசியளுக்குள்ள போகவேணும்" எண்டார் பார்க்கின். "அதுக்கு எங்களுக்கு இவர் வெளியில வேணும். களவெடுத்தவன் உள்ள இருந்தா அவன்ர நாள்தான் போகும். கணக்கில மாட்டினவர் உள்ள இருந்தா வழக்கே போகும்."

புஷ்பம் படியில இறங்கேக்குள்ள என்ர கையைப் பிடிச்சவ. "சரோ அக்கா, அவரை உள்ளுக்குப் போட்டா நாங்கள் முடிஞ்சம். குற்றவாளி எண்டு தீர்த்தா இந்த நாட்டிலயும் விடாங்கள். பிள்ளையளையும் கொண்டு எங்க போறது?"  

பார்க்கின் வழமைபோல தக்காளியில தொடங்கி, செவ்வாய்க்கிழமை எண்டு ஒழுங்கு செய்தார். புஷ்பத்துக்குச் சொன்னன். "செவ்வாயோ? வேண்டாம் அக்கா" எண்டா. இதை நான் எப்பிடி அந்த மனிசனிட்டப் போய்ச் சொல்லிறது? தயங்கித் தயங்கி, "சேர், செவ்வாய்க்கிழமை எங்கட ஆக்கள் நல்ல விசயத்துக்குப் போகமாட்டினம்" எண்டன். அவர் ஏன் எண்டு கேக்கேல்லை. "எனக்கு வெள்ளி, அவைக்குச் செவ்வாய்" எண்டு சொல்லிப்போட்டு, திரும்ப ரெலிபோன் எடுத்துப் புதனுக்கு மாத்தினார்.

பிணைக்காரருக்குப் பஞ்சமில்லை. அப்ப மெல்பேர்ணில இருந்த எங்கட ஆக்களுக்குள்ள பெரிய வீடு டொக்டர் நவரத்தினத்தின்ர. தங்கமான மனிசன். கந்தோருக்கு வந்து, எல்லாம் கேட்டு, "எனக்குச் சம்மதம்" எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். இதுவரைக்கும் ஒரு பிழையும் இல்லை. பிழை நடந்தது ஞாயிற்றுக்கிழமை, டொக்டர் வீட்டில, பிள்ளையின்ர பிறந்தநாளில. நாங்கள் பொம்பிளையள் குசினிக்குள்ள ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டு நிக்க, வெளியில ஆம்பிளையள் கூடி ஒரு முடிவு எடுத்திருக்கினம். அது எனக்குப் புதன்கிழமை கோட்டிலதான் தெரியும்.

புதன்கிழமை காலமை எல்லாம் எண்ணை போட்ட மாதிரி ஓடிச்சுது. பாஸ்போட்டை நீட்டினம், கைரேகை முடிஞ்சுது, சார்ஜன்ற் பார்க்கினிட்டத் தக்காளி விதை கேட்டார். கோட்டுக்குள்ள போனா, எங்கட சனம் முழுக்க அங்க இருக்குது. கோயில் திருவிழாவுக்கு வந்த மாதிரிச் சேலையும் சூட்டும். ஆரோ வடை கொண்டுவந்து நீட்டு வாங்கில இருந்த ஆக்களுக்குக் குடுத்துக்கொண்டிருந்தவை. என்ர மனிசனும் அரை நாள் லீவு போட்டு வந்து இருக்கிறார்.

பொலிஸ் பக்கத்து வழக்குரைஞர் எழும்பி, முதலாளி ஒருத்தர் ஏற்கெனவே நாட்டை விட்டுப் போனபடியா, பிணைக்காரர் கனமான ஆளா இருந்தா மட்டும் தாங்கள் எதிர்க்கேல்லை எண்டார். டொக்டர் சாட்சிக் கூட்டுக்குள்ள ஏறினார். நீதவான் வயது போனவர், கண்ணாடிக்கு மேலால பாக்கிறவர்.

"இந்த மனிசர் வராமல் விட்டா, நீங்கள் ஒப்பம் வைக்கிற முழுத் தொகையும் உங்கட கையை விட்டுப் போகும். உங்களைப் பெரிசாப் பாதிக்கும். விளங்குதோ?"

டொக்டர் சிரிச்சார். "அப்பிடிப் பெரிசாப் பாதிக்காது, சேர். நாங்கள் எல்லாரும் பகிர்ந்து பொறுக்கிறதெண்டு முடிவெடுத்திருக்கிறம். ஒருத்தருக்கும் பாரமில்லை." சொல்லிப்போட்டுப் பெருமையாப் பின்னுக்குத் திரும்பிக் கையைக் காட்டினார். பின்னுக்கு இருந்த சனம் எல்லாம் ஓம் எண்டு தலையாட்டிச்சுது. சிலபேர் கையையும் உயர்த்தினவை. அதில ஒரு கை என்ர மனிசன்ர.

பார்க்கின் பேனையை மூடி மேசையில வைச்சார். அந்தச் சத்தம் எனக்கு இப்பவும் காதுக்குள்ள கேக்குது.

செத்த வீடெண்டாலும் கலியாண வீடெண்டாலும் எங்கட ஆக்கள் பகிர்ந்துதான் செய்வினம். ஒரு ஆளின்ர தலையில கட்டிப்போட்டு மற்றவை சும்மா இருந்தா அது மானக்கேடு. ஆனா இங்கத்தைச் சட்டத்தில, பிணைக்காரருக்கு நட்டம் வந்தா நாங்கள் தாறம் எண்டு பொருந்தினா அது பிணையே இல்லை. அது குற்றமும் கூட. பொலிஸ் பக்கத்து ஆள் எழும்பி அதைத்தான் சொன்னார்.

நீதவான் கோபப்படேல்லை. பொறுமையாச் சொன்னார்: "டொக்டர், பிணைக்காரர் எண்டவர் நித்திரை கொள்ளாமல் கிடக்கவேணும். இந்தாள் எங்க நிக்கிறார், நாளைக்கு வருவாரோ எண்டு யோசிச்சுக்கொண்டு கிடக்கவேணும். நீங்கள் எல்லாரும் நல்லா நித்திரை கொள்ளுறதுக்கு ஒழுங்கு செய்திருக்கிறியள்."

பார்க்கின் எழும்பி, இது அன்பால நடந்த பிழை, இதை முதலே விளங்கப்படுத்தி இருக்கவேண்டியது தன்ர பொறுப்பு எண்டார். நீதவான் குற்றம் எண்ட பக்கத்தை விட்டுப்போட்டார். ஆனா டொக்டரும் கையை உயர்த்தின ஒருத்தரும் பிணைக்கு ஆகாது. மத்தியானத்துக்குப் பிறகு வேறை ஆளைக் கொண்டுவந்தால் சரி, இல்லாட்டி யோகராசா கோபர்க்கில இருந்த பெரிய சிறைக்கு.

வெளி விறாந்தையில ஒரே கூச்சல். டொக்டரின்ர முகத்தைப் பாக்க ஏலாது. நான் என்ர மனிசனிட்டப் போனன். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தானே?" "நீர் லோயர் கந்தோரில வேலை. உம்மை இதுக்குள்ள இழுக்கக்கூடாதெண்டுதான் சொல்லேல்லை" எண்டார். சரியான புத்திசாலி.  புஷ்பம் சுவரோட சாஞ்சுகொண்டு நிண்டா, அழேல்லை, அதுதான் எனக்குப் பயமாக் கிடந்தது.

பார்க்கின் என்னைத் தனியக் கூப்பிட்டார். "மிசிஸ் ராஜ், உங்கட ஆக்களுக்குள்ள, சொந்த வீடு இருக்கிற, இந்தக் கூட்டில சேராத ஒருத்தர் எண்டாலும் இருக்கிறாரோ?"

"ஒருத்தர் இருக்கிறார், சேர்."

"அவர் ஏன் சேரேல்லை?"

"அவருக்கு யோகராசாவைக் கண்ணிலயும் காட்டக்கூடாது."

பார்க்கின்ர முகம் மலர்ந்ததை நான் அண்டைக்குத்தான் கண்டன். "போய்க் கேளுங்கோ. கெஞ்சவேண்டாம். ஒண்டும் தாறதெண்டு சொல்லவேண்டாம். வீடு போகலாம் எண்டதை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கோ."

அந்த ஆள் துரைசிங்கம். ரயில்வேயில வரைபடம் கீறிற வேலை, கந்தோர் கோட்டில இருந்து நடக்கிற தூரம். அவருக்கும் யோகராசாவுக்கும் என்ன பகை எண்டு கேட்டா நீங்கள் சிரிப்பியள். பாட்மின்ரன். எங்கட சங்கத்தின்ர போட்டிக்கு யோகராசா செயலாளர். இறுதி ஆட்டத்தில துரைசிங்கத்துக்கு எதிரா ஒரு மலேசியப் பொடியன். துரைசிங்கம் வாற வழியில ரயில் கேற்றைப் பூட்டிப்போட்டாங்கள். ரயில் கேற்றுக்குப் படம் கீறிற மனிசனே கேற்றில மாட்டுப்பட்டார். ஒருமாதிரி வந்து, வெள்ளைக் காற்சட்டையோட, மட்டையோட காரால இறங்கிறார். மண்டப வாசலில நிண்ட யோகராசா அவரைப் பாத்து, கையை உயர்த்தி, சுவர் மணிக்கூட்டைக் காட்டிப்போட்டு, உள்ளுக்குப் போய்க் கப்பைத் தூக்கி மலேசியப் பொடியனிட்டக் குடுத்திட்டார். நேரம் நேரம்தானாம். அண்டையில இருந்து ரெண்டு பேருக்கும் கதை பேச்சில்லை. ஒராள் வாற கொண்டாட்டத்துக்கு மற்றவர் வரார். விருந்துக்குச் சொல்லுறவைக்குத்தான் பெரிய தலையிடி.

நான் போகேக்குள்ள துரை அண்ணை மேசையில குனிஞ்சு நிண்டு கீறிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னன்.

"அவன் அனுப்பினவனோ?"

"இல்லை அண்ணை. அவருக்கு நான் வந்ததே தெரியாது."

"தெரிஞ்சா விடமாட்டான். ரூல்ஸ் பாப்பான்." பென்சிலை எடுத்துச் சீவினார். அது ஏற்கெனவே கூராத்தான் இருந்தது. "மற்றவையளும் பங்கு போடினமோ?"

"இல்லை. போட்டபடியாத்தான் இந்த வினை. இது உங்கட தலையில மட்டும்தான் விழும். அவர் வராட்டி வீடு போகலாம் அண்ணை. உங்களைக் கெஞ்சக்கூடாதெண்டு பெரியவர் சொல்லிவிட்டவர்."

"கெஞ்சினா வரமாட்டன்" எண்டார். ரெலிபோனை எடுத்து மனிசிக்கு விசயத்தைச் சொன்னார்.  அந்தப் பக்கத்தில ராணி அக்கா, அவற்ற மனிசி, சொன்னது எனக்கும் கேட்டுது. "ஒப்பத்தைப் போட்டுக் குடுங்கோ. அந்தப் பிள்ளையள் என்ன பாவம் செய்ததுகள். ஆனா அந்தாளோட கதைச்சியள் எண்டா இஞ்ச வரவேண்டாம்."

வீட்டு வரித் துண்டும் பாங்குப் புத்தகமும் அவற்ற மேசைக்குள்ளயே இருந்தது. எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். படியில இறங்கேக்குள்ள, "கெதியா நடவும் தங்கச்சி. பிந்தினா அவன் கோட்டையும் பூட்டிப்போடுவான்" எண்டார். நான் சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு அவருக்குப் பின்னால ஓடினன்.

துரை அண்ணை கூட்டுக்குள்ள ஏறினதைக் கண்ட யோகராசாவின்ர முகம் கறுத்துப் போச்சு. எழும்பி வேண்டாம் எண்டு சொல்லப்போறாரோ எண்டு பயந்தன். பார்க்கின் திரும்பி ஒரு பார்வை பாத்தார். யோகராசா அப்பிடியே இருந்திட்டார்.

"குற்றஞ்சாட்டப்பட்டவரை உங்களுக்கு எவ்வளவு தெரியும்?" எண்டு நீதவான் கேட்டார்.

"நாங்கள் கதைக்கிறேல்லை, சேர்."

நீதவான் கண்ணாடிக்கு மேலால பாத்தார். "கதைக்காத ஆளுக்கு நீங்கள் ஏன் வீட்டை வைக்கிறியள்?"

துரை அண்ணை பாட்மின்ரன் கதையை ஒண்டும் விடாமல் சொன்னார். ரயில் கேற், வெள்ளைக் காற்சட்டை, சுவர் மணிக்கூடு, கப். சொல்லச் சொல்லக் கோபம் ஏறிக் குரல் உயர்ந்துது. "என்னைக் கண்டவன், சேர். நல்லாக் கண்டவன். கண்டுபோட்டும் குடுத்தவன். இவனைப் போல ஒரு அறுவானை நான் என்ர வாழ்க்கையில சந்திக்கேல்லை. ஆனா நீங்கள் ஒரு நேரம் சொன்னியள் எண்டா, கோட்டு வாசல் திறக்க முதல் இவன் வந்து படியில இருப்பான். அதுக்கு என்ர வீட்டை வைப்பன்."

நீதவான் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். பொலிஸ் பக்கத்து ஆளைப் பாத்து, ஏதாவது கேள்வி இருக்குதோ எண்டு கேட்டார். "இல்லை" எண்டார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. பிணை கிடைச்சுது. அண்டைக்குப் பின்னேரம் யோகராசா வீட்டில நிண்டார்.

அதுக்குப் பிறகு மாசக்கணக்கா அந்த மனிசன் எங்கட கந்தோர்ப் பின் அறையில பெட்டியளுக்கு நடுவில இருந்தது. ஒவ்வொரு தவணைக்கும், துரை அண்ணை சொன்ன மாதிரியே, கோட்டு வாசல் திறக்க முதல் வந்து படியில இருப்பார். துரை அண்ணையும் ஒவ்வொரு தவணைக்கும் வருவார். பின் வாங்கில இருந்து, பேப்பருக்கு மேலால ஆள் இருக்குதோ எண்டு பாத்துப்போட்டு, எழும்பி வேலைக்குப் போவார். ஒரு தலையாட்டல் கூடக் கிடையாது. பிணைக்காரர் எப்பிடி இருக்கவேணும் எண்டு நீதவான் சொன்னாரோ, அப்பிடியே இருந்தார்.

வழக்கு என்ன ஆச்சுது எண்டு நீங்கள் கேக்க முதல் சொல்லிப்போடுறன். கடைசியில பெரிய கோட்டில ஜூரி யோகராசாவை விட்டுது. அந்தப் பெட்டியளுக்குள்ள இருந்து அவர் எடுத்த கடுதாசியளால விட்டுது. ஆனா நான் எழுத வந்தது அதை இல்லை, அதுக்கு முதல், கீழ்க் கோட்டில விசாரணை முடிஞ்ச அந்த நாளை.

அண்டைக்கு நீதவான், இந்த வழக்கை ஜூரி கேக்கவேணும் எண்டு பெரிய கோட்டுக்கு அனுப்பினார். எதிர்பாத்ததுதான். ஆனா அப்பிடி அனுப்பேக்குள்ள பழைய பிணை முடிஞ்சுபோம். பிணைக்காரர் அந்த இடத்திலயே திரும்ப ஒப்பம் வைக்கவேணும். வைக்காட்டி ஆள் நேர உள்ளுக்குத்தான்.

"பிணைக்காரர்?" எண்டு கேட்டார் நீதவான்.

நான் திரும்பிப் பின் வாங்கைப் பாத்தன். இல்லை. அவ்வளவு தவணையும் தவறாமல் வந்த மனிசன் அண்டைக்கு இல்லை. கோட்டு ஊழியர் விறாந்தையில போய், துரைசிங்கம் எண்ட பேரைத் துண்டு துண்டா முறிச்சு மூண்டு தரம் கூப்பிட்டார். பதிலில்லை. ஒரு பொலிஸ்காரர் மெதுவா யோகராசாவுக்குப் பக்கத்தில வந்து நிண்டார். புஷ்பம் என்ர கையை இறுக்கிப் பிடிச்சா. பார்க்கின் எழும்பப் போனார். அதுக்கிடையில யோகராசா எழும்பிட்டார். விசாரணை முழுக்க வாய் திறக்காமல் இருந்த மனிசன்.

"சேர், அவர் வருவார். அவர் வாற வழியில ஒரு ரயில் கேற் இருக்குது. தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கோ."

எனக்குக் கண் கலங்கிப் போச்சு, இப்ப எழுதேக்குள்ளயும் கலங்குது. பார்க்கின் எழும்பினவர் அப்பிடியே இருந்திட்டார். நீதவான் சுவர் மணிக்கூட்டைப் பாத்தார். பிறகு யோகராசாவைப் பாத்தார். "அந்தக் கேற்றைப் பற்றி நான் முந்தியும் கேள்விப்பட்டிருக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டு, தனக்குத் தேத்தண்ணி குடிக்கவேணும் போல இருக்குதெண்டு எழும்பி உள்ளுக்குப் போனார்.

அந்தத் தேத்தண்ணி முடியிறதுக்கிடையில துரை அண்ணை ஓடிவந்தார். சேர்ட் முழுக்க வேர்வை. கேற்றடியில காரை விட்டுப்போட்டு, நடந்து தாண்டி, மிச்சத் தூரத்தை ரக்சியில வந்தவராம். நீதவான் திரும்ப வந்து இருந்தார், துரை அண்ணை ஒப்பம் வைச்சார், பொலிஸ்காரர் விலகிப் போனார்.

விறாந்தைக்கு வந்தாப் பிறகு அவர் என்னிட்டக் கேட்டார், "என்னெண்டு தங்கச்சி எனக்காகப் பொறுத்தவை?" சொன்னன். யோகராசா சொன்னதை அப்பிடியே, ஒரு சொல் விடாமல்.

துரை அண்ணை லேஞ்சியால முகத்தைத் துடைச்சார். பிறகு திரும்பி, அவ்வளவு வருசத்துக்குப் பிறகு முதல்முதலா, யோகராசாவுக்கு நேர சொன்னார்: "அண்டைக்கும் இப்பிடிச் சொல்லியிருக்கலாம்தானே."

யோகராசா கொஞ்சம் யோசிச்சார். மனிசன் பொய் சொல்லத் தெரியாத பிறவி. "அண்டைக்கு நடந்தது ஃபைனல் எல்லோ" எண்டார்.

அவ்வளவுதான். ரெண்டு பேரும் தொடங்கிட்டினம். விறாந்தை அதிருது. கேற் எத்தினை நிமிசம் பூட்டிக் கிடந்தது, மணிக்கூடு சரியோ பிழையோ, அந்த மலேசியப் பொடியனுக்கு சேர்வ் போடவே தெரியாது எண்டு ஒராள், ரூல்ஸ் எண்டு மற்றாள். ரெண்டு பேற்ற கண்ணிலயும் தண்ணி. புஷ்பம் சுவரோட சாஞ்சு நிண்டு அழுதா. அவ அழுததைக் கண்டாப் பிறகுதான் எனக்கு நிம்மதி வந்துது.

பார்க்கின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியில வந்தவர், இவையளைப் பாத்துப் பயந்துபோய் என்ர காதுக்குள்ள கேட்டார்: "மிசிஸ் ராஜ், என்ன நடக்குது? பிணைக்காரர் சண்டை பிடிக்கிறாரோ?"

"இல்லை, சேர்" எண்டன். "கதைக்கத் தொடங்கிட்டினம்."